அகத்தியருக்குக் கீழே ஒரு சாண்

ஒன்றை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நாத்தனார் மகளுக்கு மலேசியாவில், ஈப்போவில் கல்யாணம் என்று பத்திரிகை வந்தபோது எங்கள் வீட்டில் வேறு யாருக்கும் லீவு கிடைக்கவில்லை. "நான் போகிறேன்" என்று முதல் ஆளாகக் கை தூக்கியது நான்தான். மாமியார் கண் கலங்கிவிட்டார். நாத்தனார் மேல் எனக்கு இவ்வளவு பிரியமா என்று என் கணவரே ஆச்சரியப்பட்டார். பிரியம் இருக்கட்டும். நான் கிளம்பியது ஒரு நட்சத்திரத்தைப் பார்க்க.

1987 பிப்ரவரி கடைசியில் வானொலியில் அந்தச் செய்தி வந்தது. தென்வானத்தில் ஒரு நட்சத்திரம் வெடித்திருக்கிறது, வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம் என்றார்கள். இப்படிக் கண்ணுக்குத் தெரிகிற சூப்பர்நோவா வந்து முந்நூற்று எண்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது. தொலைநோக்கி என்ற ஒன்று உலகத்துக்கு வந்த பிறகு இதுதான் முதல். நான் திருச்சியில் ஒரு மகளிர் கல்லூரியில் இயற்பியல் விரிவுரையாளர். பதினாறு வருஷமாக சூப்பர்நோவா பாடம் நடத்துகிறேன். கரும்பலகையில் ஒரு வட்டம் போட்டு, சுற்றிலும் கோடு கோடாக இழுத்து, "இதுதான் வெடிப்பு" என்பேன். பிள்ளைகளும் நோட்டில் அந்தச் சூரியகாந்திப் பூவை வரைந்துகொள்வார்கள். நான் அதைப் பார்த்ததில்லை. எனக்குச் சொல்லிக்கொடுத்தவரும் பார்த்ததில்லை. இந்த ஒன்றையாவது என் கண்ணால் பார்த்துவிட வேண்டும் என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

திருச்சியில் பார்க்க முடியாதா என்று கேட்பீர்கள். மூன்று நாள் கல்லூரி மொட்டைமாடியில் ஏறி நின்றேன். நம் ஊரிலிருந்து பார்த்தால் அது அடிவானத்தை ஒட்டியே போய்விட்டு இறங்கிவிடும். அந்த உயரத்தில் எனக்குக் கிடைத்தது ஓர் அரிசி ஆலையின் புகையும் ஒரு தியேட்டரின் டியூப் லைட்டும்தான். தெற்கே போகப் போகத்தான் அது மேலே ஏறும். நாத்தனார் இருப்பதோ பூமத்தியரேகைக்குப் பக்கத்தில், ஐயாயிரம் அடி உயரத்தில், கேமரன் மலையில் ஒரு தேயிலை எஸ்டேட்டில். கல்யாணப் பத்திரிகையைக் கையில் வாங்கியதும் எல்லாரும் முகூர்த்தம் என்றைக்கு என்று பார்த்தார்கள். நான் அமாவாசை என்றைக்கு என்று பார்த்தேன். கல்யாணம் முடிந்து மலையில் நாலு நாள் தங்கலாம், நாலு சாயங்காலமும் நிலவு கிடையாது என்று கணக்குச் சரியாக வந்தது.

கல்யாணம் நன்றாக நடந்தது. பாயசம் இரண்டு வகை. மேற்கொண்டு விவரம் கேட்காதீர்கள்.

முதல் நாள் பஸ்ஸோடு போயிற்று. தாப்பாவிலிருந்து மலை ஏறும் பாதையில் வளைவுகளை எண்ண ஆரம்பித்து எண்பதோடு விட்டுவிட்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பாதி மலையில் பஸ் கொதித்து நின்றது. டிரைவர் நிதானமாக ஒரு சிகரெட் பற்ற வைத்துக்கொண்டு, பக்கத்து அருவியில் வாளி வாளியாகத் தண்ணீர் பிடித்து ஊற்றினார். எனக்கு அடுத்த இருக்கையில் ஒரு சீனத்து அம்மாள், லெம்பா பெர்த்தாம் என்ற பள்ளத்தாக்கில் முட்டைக்கோஸ் பயிரிடுகிறவர். காலிக் கூடைகளை மடியில் அடுக்கியபடி மலாயில் ஏதோ சொன்னார், பஸ்ஸே சிரித்தது. என்னவென்று நாத்தனாரைக் கேட்டேன்.

"இந்த பஸ்ஸுக்கும் அவங்க மூத்த மவனுக்கும் ஒரே வயசாம். மேட்டைக் கண்டா ரெண்டும் ஒக்காந்துக்குமாம் லா," என்றார்.

நாத்தனார் ராஜத்தை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கல்யாணமாகி இங்கே வந்து முப்பது வருஷத்தில் திருச்சிப் பேச்சு போய் எஸ்டேட் பேச்சும், இங்கே எல்லாரும் பேச்சின் கடைசியில் சேர்க்கிற 'லா'வும் வந்துவிட்டன. அவர் கணவர் சுப்பையா அண்ணன் எஸ்டேட்டில் கிராணி, அதாவது ஆபீஸ் குமாஸ்தா. ஸ்டோர் சாவியும் அவரிடம்தான். யாருக்கு எது தேவை என்றாலும் கேட்பதற்கு முன்பே செய்துவிடுகிற மனிதர். அந்தக் குணத்தால் எனக்கு என்ன நேர்ந்தது என்று பின்னால் சொல்கிறேன்.

தானா ராத்தாவில் இறங்கியதும் நல்ல பசி. வாழையிலையில் மடித்த நாசி லெமாக் பொட்டலம் ஒன்றைப் பிரித்தேன். தேங்காய்ப் பாலில் வெந்த சோறு, வறுத்த நிலக்கடலையும் நெத்திலியும், வெள்ளரித் துண்டு, சிவப்பாக ஒரு மிளகாய்ச் சம்பல். நான் சைவம் என்பதால் நெத்திலியை ஓரமாக ஒதுக்கிவிட்டு சம்பலை மட்டும் வழித்து வழித்துத் தின்றேன். இரண்டாவது பொட்டலமும் முடிந்த பிறகு அண்ணி மெதுவாகச் சொன்னார், அந்த ருசியே அரைத்த இறால் விழுதால் வருவது என்று.

"முன்னாடியே சொல்றதுக்கு என்ன அண்ணி?"

"நீ சாப்பிட்ட வேகத்துக்கு நடுவுல எங்கம்மா சொல்றது?"

மாமியாருக்கு இந்த விவரம் இன்றுவரை தெரியாது.

எஸ்டேட் வீட்டு வாசல் தெற்குப் பார்த்தது என்று தெரிந்ததும் எனக்கு ஏகப்பட்ட உற்சாகம். இங்கே ஏழரை மணி வரை பகல் இருக்கிறது, நம் ஊரில் அந்நேரம் விளக்கேற்றி ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். கல்லூரி என்.சி.சி. பொறுப்பாசிரியையிடம் கெஞ்சி வாங்கி வந்த பைனாகுலரைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். ஏழே முக்காலுக்குப் பள்ளத்திலிருந்து பனி ஏறி வந்தது. எட்டு மணிக்கு வாசல்படி தெரியவில்லை. அண்ணி கம்பளி கொண்டுவந்து போர்த்திவிட்டு, கெட்டிப்பால் ஊற்றிய தேநீரைக் கையில் கொடுத்தார். மலை முழுக்கத் தேயிலையை வைத்துக்கொண்டு இவர்கள் குடிப்பது கடைசியாகச் சலித்து விழுகிற தூளைத்தான். அதுதான் திடமாக இருக்குமாம். எனக்கும் அன்றைக்கு அந்தத் திடம் தேவைப்பட்டது.

இரண்டாம் நாள் காலை கியா பார்மில் ஸ்ட்ராபெரி தின்றேன். படத்தில் பார்க்க நன்றாக இருக்கும் பழம். புளிப்பில் நம் ஊர் நெல்லிக்காய் தோற்றுப்போகும். கொடைக்கானலில் மலை என்றால் குதிரை, படகு, குரங்குக் குல்லா. இங்கே மலை என்றால் வேலை. சரிவு முழுக்கக் கூடை சுமந்த பெண்கள், சாலை முழுக்கக் காய்கறி லோரி. வேடிக்கை பார்க்க வந்த ஒரே ஆள் நான்தான் என்று கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

அன்று சாயங்காலம் பனி இல்லை. அதற்குப் பதிலாகக் கோவில் இருந்தது. எஸ்டேட் மாரியம்மன் கோவிலில் கும்பாபிஷேகம் முடிந்து மண்டல பூஜை நடந்துகொண்டிருந்தது, கோபுரம் முழுக்க சிவப்பும் பச்சையுமாக சீரியல் பல்பு ஓடியது. அது நின்ற இடமோ எங்கள் வாசலுக்கு நேர் தெற்கு. தென்வானத்தில் அகத்திய நட்சத்திரம் பெரிதாகத் தெரியும், எல்லாருக்கும் அதைத் தெரியும். கையை நீட்டிப் பிடித்து, அகத்தியரிலிருந்து ஒரு சாணுக்குக் கொஞ்சம் குறைவாகக் கீழே இறங்கி, சற்று வலப்பக்கம் போனால் நான் தேடுவது இருக்க வேண்டும். நான் சாண் போட்டு இறங்கிய இடத்தில் அம்மன் சூலம் மின்னிக்கொண்டிருந்தது.

நேரே கோவில் தலைவரிடம் போனேன். பூ வியாபாரி, தங்கமான மனிதர், சுண்டல் கொடுத்து உட்கார வைத்தார். பத்து நிமிஷம் விளக்கை அணைக்க முடியுமா என்று கேட்டேன்.

"டீச்சரம்மா, நாப்பத்தெட்டு நாளும் அணையக்கூடாதுன்னு வேண்டுதல் லா. ஒங்க நட்சத்திரம் நாப்பத்தெட்டு நாள் நிக்காதா?"

"அது நிக்கும்யா. எனக்கு லீவு நிக்காது."

"அப்ப அம்மாகிட்ட வேண்டிக்குங்க," என்று திருநீறு கொடுத்தார்.

இவ்வளவு மரியாதையாக ஒருவர் மறுத்தால் சண்டையும் போட முடியாது. சுண்டலைத் தின்றுவிட்டு வீட்டுக்கு வந்து அண்ணியிடம் எரிந்து விழுந்தேன். பாவம், அவர் என்ன செய்வார். இரண்டு சாயங்காலம் போய்விட்டது.

மூன்றாம் நாள் சுப்பையா அண்ணன் என்னைத் தேயிலைத் தொழிற்சாலைக்கு அனுப்பிவைத்தார், என் மூஞ்சியைப் பார்க்கச் சகிக்காமல் என்று நினைக்கிறேன். அங்கிருந்து திரும்பும்போது கொழுந்து லோரியில் ஏற்றிவிட்டார்கள். மலைச்சரிவில் பறிக்கிற கொழுந்தை ஆங்காங்கே உள்ள நிறுவைக் கொட்டகைகளில் நிறுத்து மூட்டை கட்டி வைப்பார்கள். அவற்றை லோரி போய் ஏற்றி வரும். ஓட்டுபவர் மணியம், ஐம்பது வயதுக்காரர், கழுத்தில் துண்டும் வாயில் ஒரு பல்குச்சியும் நிரந்தரம். மூட்டை ஏற்றி இறக்குபவர் அஞ்சலை, என் வயதுதான் இருக்கும். பத்து வருஷம் கொழுந்து பறித்துவிட்டு லோரிக்கு வந்தவராம். நாங்கள் மூவரும் நெருக்கியடித்த முன் இருக்கையில் இரண்டு பேர்தான் உட்காரலாம்.

வழியில் பனி இறங்கியது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மணியம் விசில் அடித்துக்கொண்டே ஓட்டினார்.

"ஒண்ணுமே தெரியலையே, எப்படிண்ணே ஓட்டறீங்க?"

"வெளக்கப் பாத்துத்தான் டீச்சர். ஒவ்வொரு கொட்டகை வாசல்லயும் ஒரு வெளக்கு. எல்லாம் அறுவது வாட்டு. எத்தன தூரத்துல எவ்ளோ தெரியும்னு கண்ணுக்குப் பழக்கம் லா. மங்கலா இருந்தா இன்னும் தூரம் கெடக்கு. நல்லா தெரிஞ்சா வளைவு வந்துருச்சு, ஒடிக்கணும்."

"பனி கூடக் குறைய இருந்தா கணக்கு தப்பாதா?"

"அதுக்குத்தான் பின்னாடி கண்ணாடி. தாண்டி வந்த வெளக்கு எத்தன தூரம்னு எனக்குத் தெரியும்ல? அது எவ்ளோ மங்குதோ அத்தன பனி. அதக் கழிச்சுக்கிட்டு முன்னாடி உள்ளதப் பாப்பேன்."

"இருவத்திரெண்டு வருசம். காண்ல ஒரு டயர் எறங்குனதில்ல," என்று அஞ்சலை பெருமையாகச் சொன்னார். பாதை ஓரமாகப் போகிற சாக்கடைக்கு இங்கே காண் என்று பெயர்.

எனக்குத் தலைகால் புரியவில்லை. "அண்ணே, நீங்க செய்யறதத்தான் வானத்துலயும் செய்யறாங்க!" என்று கத்திவிட்டேன். மணியம் பயந்துபோய் பிரேக்கில் காலை வைத்தார்.

கேலக்ஸி என்பது நட்சத்திரங்கள் கோடிக்கணக்கில் சேர்ந்த ஒரு கூட்டம், அப்படிப்பட்ட கூட்டங்கள் வானமெங்கும் கிடக்கின்றன, ஒவ்வொன்றும் எத்தனை தூரத்தில் இருக்கிறது என்று கண்டுபிடிப்பதுதான் பெரிய பாடு என்று சொன்னேன். நாடா பிடித்து அளக்க முடியாது. ஆனால் எல்லாக் கூட்டத்திலும் ஒரே வாட் விளக்கு ஒன்று எரிந்தால், அது மங்கியிருக்கிற அளவை வைத்துத் தூரத்தைச் சொல்லிவிடலாம்.

"மேல யாரு ஒரே வாட்டுப் பல்பு மாட்டுனா?" என்றார் மணியம்.

நல்ல கேள்வி. எரிந்து முடிந்த ஒரு சின்ன நட்சத்திரம், பக்கத்தில் உள்ள ஜோடி நட்சத்திரத்திலிருந்து வாயுவை இழுத்து இழுத்துக் கனம் ஏறிக்கொண்டே வரும். குறிப்பிட்ட ஓர் எடையைத் தொட்டதும் வெடிக்கும். எந்தக் கேலக்ஸியில் வெடித்தாலும் ஏறக்குறைய அதே எடை, அதனால் ஏறக்குறைய அதே வெளிச்சம். அதுதான் சூப்பர்நோவா. எங்கோ தொலைவில் ஒன்று வெடித்தால் அது மங்கித் தெரிவதை வைத்து அந்தக் கேலக்ஸியின் தூரத்தை எழுதிவிடுவார்கள். நடுவில் தூசி இருந்தால் உங்களைப் போல அதையும் கழித்துக்கொள்ள வேண்டும் என்றேன்.

"கூடை நெறஞ்சா எறக்கியாகணும், அந்த மாதிரி," என்றார் அஞ்சலை. பதினாறு வருஷத்தில் என் மாணவி ஒருத்தியும் இவ்வளவு சீக்கிரம் பிடித்துக்கொண்டதில்லை.

ஒரு விஷயத்தை மட்டும் அவர்களிடம் சொல்லாமல் விட்டேன். நான் பார்க்க வந்திருக்கும் நட்சத்திரம் இந்த வகையே இல்லை. சூப்பர்நோவாவில் இன்னொரு வகையும் உண்டு. பெரிய நட்சத்திரம் ஒன்று தன் பாரம் தாங்காமல் தானே உள்ளே சரிந்து வெடிப்பது. அதில் ஒன்றுக்கு ஒன்று வெளிச்சம் மாறும், நம்பி அளக்க முடியாது. இதைச் சொன்னால் இத்தனை தூரம் வந்த என் பவிசு குறைந்துவிடுமே என்று வாயை மூடிக்கொண்டேன்.

அன்று சாயங்காலம் மழை. ஒரு சாயங்காலம்தான் பாக்கி. லோரியிலிருந்து இறங்கும்போது, என் பனி, கோவில் விளக்குக் கதையெல்லாம் கேட்டிருந்த மணியம் சொன்னார்: "நாளைக்குக் கடைசி நடைக்கு வாங்க டீச்சர். நாலாம் கொட்டகை உச்சியில இருக்கு. தெக்கால ஒரு மலையும் மறைக்காது, கோவில் வெளக்கும் தெரியாது. அநேகமாப் பனி அதுக்குக் கீழயே நின்னுரும்."

நாலாம் நாள் முழுக்க நான் வானத்தைப் பார்த்துக்கொண்டே பெட்டி கட்டினேன். மறுநாள் விடிந்ததும் பஸ். இந்தச் சாயங்காலமும் போனால் கதை முடிந்தது. பஞ்சு மாதிரி மேகம் கலைந்து கலைந்து சேர்ந்தது. "அங்கேயும் தெரியலன்னா என்னம்மா செய்வே?" என்று அண்ணி கேட்டார். "திருச்சிக்குப் போயி திரும்ப வட்டம் போட்டு கோடு இழுப்பேன்," என்றேன். அண்ணி ஒரு டப்பாவில் முறுக்குப் போட்டுக் கொடுத்தார்.

கொழுந்து அதிகம் விழுகிற சமயமாதலால் கடைசி நடை ஏழு மணிக்குத்தான் கிளம்பியது. மூன்றாம் கொட்டகையைத் தாண்டியதும் பனி மூடிக்கொண்டது. மணியம் கண்ணாடியில் பின்னால் பார்த்தார், கழிக்க வேண்டியதைக் கழித்தார், விசில் அடித்தார். கொஞ்ச நேரத்தில் முன்னால் நாலாம் கொட்டகை விளக்கு பளிச்சென்று தெரிந்தது. "வந்தாச்சு டீச்சர்," என்று சொல்லிக்கொண்டே வண்டியை ஒடித்தார். வளைவு அங்கே இல்லை. தடால் என்று ஒரு சத்தம், லோரி இடப்பக்கமாகச் சாய்ந்து காணில் உட்கார்ந்தது. நான் அஞ்சலை மடியில் கிடந்தேன். முறுக்கு எங்கள் எல்லார் தலையிலும் இருந்தது.

யாருக்கும் அடிபடவில்லை. மணியம் ஸ்டீரிங்கை விடாமல் அப்படியே உட்கார்ந்திருந்தார். "இருவத்திரெண்டு வருசம்," என்று மட்டும் சொன்னார். அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, ஆனால் என் கைக்கடிகாரத்தில் மணி ஏழு ஐம்பது. எட்டரைக்கு மேல் போனால் நட்சத்திரம் இன்னும் இறங்கிவிடும். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த மலையையே திட்டினேன். மணியம் எழுந்து ஹாரனை நீளமாக மூன்று தரம் அடித்தார். கீழே இருந்து டிராக்டர் அனுப்பச் சொல்லி அதுதான் அடையாளமாம்.

"டிராக்டர் வர்றவரைக்கும் இங்கே நின்னு என்ன பண்றது? கொட்டகை கிட்டதானே, நடப்போம்," என்றேன்.

நடந்தோம். கிட்ட தெரிந்த விளக்கு கிட்டவே வரவில்லை. ஐந்து நிமிஷம் நடந்த பிறகுதான் நிஜமான வளைவே வந்தது. "இந்த வெளக்குப் பொய் சொல்லுது," என்றார் அஞ்சலை, மூச்சு வாங்கிக்கொண்டு. மேலும் ஏறினோம். கொட்டகை வாசலுக்குப் பத்தடி கீழே பனி முடிந்தது. தலை வெளியே வந்தது, தோள் வந்தது, நாங்கள் வெளியே நின்றோம். மணியம் நேரே போய் விளக்கடியில் நிமிர்ந்து பார்த்தார்.

"இது அறுவது இல்ல! எரநூறு வாட்டு! யாரு மாத்துனது?"

கொட்டகைக்குள்ளிருந்து காவல்காரப் பெரியவர் எட்டிப் பார்த்தார். "பழசு பீஸ் போச்சு. கிராணியையாதான் கோவில்ல மிஞ்சுனத கொண்டாந்து மாட்டுனாரு. டீச்சர் வர்ற எடம், வெளிச்சமா இருக்கட்டும்னாரு."

கேட்பதற்கு முன்பே செய்துவிடுகிற மனிதர் என்று சொன்னேனே. எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. மணியம் மட்டும் ஒரு பெரிய பாரத்தை இறக்கிவைத்தவராகத் தெரிந்தார். "அப்ப நான் தப்பாப் பாக்கல," என்றார். தப்பே இல்லை. வேறு சாதி விளக்கை அறுபது என்று நினைத்துத் தூரம் போட்டால் யாராக இருந்தாலும் காணில்தான் இறங்குவார்கள். வானத்தை அளந்தவர்களும் இறங்கியிருக்கிறார்கள். ஒரு காலத்தில் இரண்டு வகை நட்சத்திரத்தை ஒரே வகை என்று எண்ணி, கேலக்ஸிகளை எல்லாம் பாதித் தூரத்தில் வைத்துக்கொண்டிருந்தார்கள்.

"பெரியவரே, அந்த லைட்டைக் கொஞ்சம் அணைங்க," என்றேன். இந்த மலையில் என் பேச்சைக் கேட்ட ஒரே விளக்கு அதுதான்.

கண் பழக ஐந்து நிமிஷம் ஆயிற்று. காலடியில் பனி சமமாகப் பரந்து கிடந்தது. மேலே துடைத்துவிட்ட வானம். தெற்கே அகத்தியர். கையை நீட்டினேன், சாண் போட்டேன், கொஞ்சம் குறைத்தேன், வலப்பக்கம் போனேன். பைனாகுலரை அவசரமாக அங்கும் இங்கும் திருப்பினேன். நட்சத்திரம் எல்லாம் கோடு கோடாக ஓடின.

"அங்க லேசாப் புகை மாதிரி ஒண்ணு இருக்கே, அதுலயா டீச்சர்?" என்று அஞ்சலை வெறுங்கண்ணால் பார்த்துக் கேட்டார். "அதுக்குள்ள ஓரமா, செவப்பா?"

அதேதான். அந்தப் புகைதான் நமக்குப் பக்கத்து வீட்டுக் கேலக்ஸி. அதன் ஓரத்தில், என் கையிலிருந்த நட்சத்திரப் படத்தில் ஒன்றுமே இல்லாத இடத்தில், செம்பு நிறத்தில் ஒரு நட்சத்திரம் அசையாமல் எரிந்துகொண்டிருந்தது. ஒன்றரை லட்சம் வருஷத்துக்கும் முன்னால் கிளம்பிய வெளிச்சம், நான் உயிரோடு இருக்கும் சமயம் பார்த்து வந்து சேர்ந்திருக்கிறது. நான் அழுதேன். வெட்கப்படாமல், மூக்கை உறிஞ்சிக்கொண்டு, நன்றாக அழுதேன். பிறகு "பார்த்துட்டேன்! பார்த்துட்டேன்!" என்று அஞ்சலையைக் கட்டிப் பிடித்துக் குதித்தேன். காவல்காரப் பெரியவர் இரண்டடி பின்னால் போய் நின்றுகொண்டார்.

அழுகை நின்றதும் வேலை இருந்தது. பார்த்தால் போதாது, அளக்க வேண்டும். பக்கத்தில் வெளிச்சம் தெரிந்த இரண்டு நட்சத்திரங்களை எடுத்துக்கொண்டு, ஒன்றைவிட எவ்வளவு குறைவு, மற்றதைவிட எவ்வளவு அதிகம் என்று கண்ணால் மதிப்பிடுவது வழக்கம். மூன்றும் ஏறக்குறைய ஒரே உயரத்தில் இருந்தால் காற்று மூன்றையும் ஒரே அளவு மங்கவைக்கும், அதனால் கணக்குக் கெடாது. நான் மதிப்பிட்டு நோட்டில் எழுதி மூடிவைத்தேன். என் ஒருத்தி கண்ணை மட்டும் நம்புவானேன் என்று அஞ்சலைக்கு அந்த இரண்டு நட்சத்திரங்களையும் காட்டினேன்.

அஞ்சலை இடுப்பில் கை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பார்த்தார். கூடையில் எத்தனை பிடி கொழுந்து என்று பார்வையிலேயே சொல்லிப் பழகிய கண். "அந்தப் பெருசு பத்துப் பிடின்னா, சின்னது அஞ்சு பிடி. நடுவுல உள்ள செவப்பு ஏழு," என்றார்.

நோட்டைத் திறந்து காட்டினேன். பெரியதிலிருந்து சின்னதுக்கு ஐந்து படி இறங்கினால், மூன்றாவது படியில் நிற்கிறது என்று எழுதியிருந்தேன். பத்திலிருந்து மூன்று இறங்கினால் ஏழேதான். நான் பார்த்தது உண்மை, இனி ஒருவரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது. அஞ்சலை பெயரையும் என் பெயருக்குப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். கீழே எங்கோ டிராக்டர் உறுமுகிற சத்தமும், சுப்பையா அண்ணன் பதறிப்போய்க் கூப்பிடுகிற குரலும் கேட்டன.

மணியம் இவ்வளவு நேரமும் அந்தச் செம்புப் பொட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வாயிலிருந்த பல்குச்சியை எடுத்துவிட்டுக் கேட்டார்: "டீச்சர், இது அந்த ஒரே வாட்டு சாதியா? இல்ல கிராணியையா மாட்டுன மாதிரி வேறயா?"

முந்தின நாள் மறைத்ததை இனி மறைக்க மனம் வரவில்லை. "வேறதாண்ணே. பெரிய நட்சத்திரம் ஒண்ணு தானே சரிஞ்சு வெடிச்சது," என்றேன். "இந்தச் சாதி வெடிச்சா இன்னும் ரொம்பப் பிரகாசமா இருக்கும்னு எல்லாரும் நெனச்சாங்க. இது அதுக்கும் பத்தல."

அவர் பல்குச்சியால் அந்தப் புகையைக் காட்டினார். "ஆனா அந்தப் புகை எத்தன தூரம்னு ஒங்களுக்குத் தெரியும்ல?"

"தெரியும். அதுல கூடிக் கொறஞ்சு எரியற நட்சத்திரங்கள வச்சு முன்னாடியே ஓரளவு அளந்துட்டாங்க."

"தூரம் தெரிஞ்ச எடத்துல எரிஞ்சா வெளக்கோட வாட்டக் கண்டுபுடிச்சிறலாமே. இது எத்தன வாட்டு? ஏன் கொறஞ்சுது?"

உலகத்தில் உள்ள அத்தனை வானியல்காரர்களும் அந்த மாதம் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. காணில் லோரியை விட்டுவிட்டு வந்து நிற்கிற ஒரு மனிதர் அதை ஒரு சொல் பிசகாமல் கேட்கிறார். நான் நடத்துகிற எந்தப் புத்தகத்திலும் இதற்கு விடை கிடையாது. புத்தகம் எழுதுகிறவர்களும் இப்போது எங்களைப் போல அண்ணாந்துதான் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

"தெரியாதுண்ணே," என்றேன்.

பதினாறு வருஷமாக வகுப்பில் அந்த வார்த்தையைச் சொல்ல நேர்ந்த போதெல்லாம் எனக்கு முகம் சிவந்துவிடும், பிள்ளைகள் பார்க்காமல் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொள்வேன். அன்று அதை இன்னொரு தரம் சொன்னேன், கீழே டிராக்டரில் வந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி, சத்தமாக: "எனக்கும் தெரியாது. உலகத்துல இன்னும் ஒருத்தருக்கும் தெரியாது!"